மழை கழுவிய தெருவும் ஒரு மென்பொருளும்

மழை தொடங்கிய முதல் கால் மணி நேரத்தில் நகரத்துச் சாலையோரம் ஓடும் தண்ணீரைப் பாருங்கள். கருத்திருக்கும், மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கும், சருகும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து வடிகால் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். மழை விடாமல் பெய்தால் சற்று நேரத்தில் அதே இடத்தில் தண்ணீர் ஓரளவு தெளிந்துவிடும். கண்ணில் படும் குப்பையைவிடக் கண்ணில் படாதவைதான் அந்த முதல் நீரில் அதிகம்: டயர் தேய்ந்த தூள், பிரேக்கிலிருந்து உதிர்ந்த செம்பு, தகரக் கூரையிலிருந்து கரைந்த துத்தநாகம், நாய்க் கழிவு, தோட்டத்துக்குப் போட்ட உரம். எல்லாம் சில மணி நேரத்தில் ஏதோ ஓர் ஆற்றையோ ஏரியையோ கடலையோ சேர்ந்துவிடும். எவ்வளவு போயிற்று, எந்தத் தெருவிலிருந்து போயிற்று, என்ன செய்திருந்தால் குறைந்திருக்கும்? ஆலைக் கழிவு என்றால் அதற்கு ஒரு குழாய் உண்டு. அதன் வாயில் நின்று அளந்துவிடலாம். ஊர் முழுக்க நனையும்போது அளப்பவர் எங்கே போய் நிற்பது?

இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்காவில் 1969க்கும் 1971க்கும் இடையில் ஒரு கணினி நிரல் எழுதப்பட்டது. 'ஸ்டார்ம் வாட்டர் மேனேஜ்மென்ட் மாடல்' என்பது முழுப்பெயர். பொறியாளர்கள் 'ஸ்விம்' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் இரண்டு பொறியியல் நிறுவனங்களும் சேர்ந்து அரசின் செலவில் உருவாக்கியது. அந்நாட்டின் பழைய நகரங்கள் பலவற்றில் வீட்டுக் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடின. சாதாரண நாளில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் அந்தக் குழாய், கனமழை பெய்தால் நிரம்பி, மலமும் மழையுமாக ஆற்றில் கொட்டும். 1969 ஜூனில் கிளீவ்லாந்து நகரத்து குயாஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றியது. 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. ஆறுகளைப் பற்றிய கவலை ஒரு நாட்டின் அரசியலையே அசைத்த அந்த ஆண்டுகளில் பிறந்த நிரல் இது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது உயிரோடிருக்கிறது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் பணியாற்றிய லூயிஸ் ராஸ்மன் தலைமையில் முழுதாகத் திருத்தி எழுதப்பட்ட ஐந்தாம் பதிப்பு 2004இல் வெளிவந்தது. இலவசம். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. உலகில் எந்த ஊர் மாணவரும் இன்றிரவே இறக்கிக்கொள்ளலாம். பொதுப் பணத்தில் செய்த ஒரு கருவி இப்படிப் பொதுச் சொத்தாகவே நீடிப்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

அது வேலை செய்யும் விதத்துக்கு வருவோம். நிரல் முதலில் நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு துண்டு ஒற்றை வீட்டு மனையாகவும் இருக்கலாம், பத்துத் தெருக்கள் சேர்ந்ததாகவும் இருக்கலாம்; அதன் மழைநீர் எல்லாம் ஒரே வடிகால் வாயில் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான். நிரலின் பார்வையில் ஒவ்வொரு துண்டும் லேசாகச் சாய்த்து வைத்த ஒரு தாம்பாளம். மேலே மழை விழுகிறது. கொஞ்சம் ஆவியாகிறது, மண் தெரியும் இடத்தில் கொஞ்சம் உள்ளே இறங்குகிறது, குண்டு குழிகளில் கொஞ்சம் தேங்குகிறது. இவை போக மிஞ்சுவதுதான் விளிம்பைத் தாண்டி ஓடும். சிமென்டும் தாரும் போட்ட தரை இப்படிக் குழிகளில் பிடித்து வைத்துக்கொள்வது ஒன்று முதல் இரண்டரை மி.மீ. மழையைத்தான். புல்தரை இரண்டரை முதல் ஐந்து மி.மீ. வரை பிடிக்கும். சருகு மூடிய காட்டுத் தரை ஏழு மி.மீ.க்கு மேலும் பிடிக்கும். சின்ன எண்களாகத் தோன்றும். ஆனால் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர்.

அடுத்தது வேகம். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்த சூத்திரத்தை நிரல் இங்கே பயன்படுத்துகிறது. தரை எவ்வளவு சொரசொரப்பு என்பதற்கு அதில் ஓர் எண் உண்டு. வழுவழுப்பான தார்த்தரைக்கு 0.011, அடர்ந்த புல்லுக்கு 0.24. சரிவும் நீரின் ஆழமும் ஒன்றாக இருந்தால் தாரில் ஓடும் தண்ணீர் புல்லில் ஓடுவதைப்போல இருபது மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் ஓடும். ஒரு மைதானத்துக்குத் தார் போட்டால் மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீர் வெளியே வருவது ஒரு பங்கு கெடுதல். அது முழுவதும் ஒரே நேரத்தில் பாய்ந்து வந்து கீழ்த்தெருவின் வடிகாலில் முட்டுவது இன்னொரு பங்கு. வெள்ளம் வருவதில் இந்த இரண்டாவதற்கும் பெரும் பங்கு உண்டு.

மண்ணுக்குள் எவ்வளவு இறங்கும் என்பதற்கு நிரலில் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று கிரீன், ஆம்ப்ட் என்ற இருவர் 1911இல் எழுதியது. காய்ந்த மண் முதலில் ஆவலாகக் குடிக்கும், நனைய நனைய மந்தமாகும் என்பதை அவர்கள் கணக்காக்கினார்கள்.

குழாய்களுக்குள் போனபின் கணக்கு கடினமாகிறது. பிரெஞ்சு அறிஞர் செயின்ட்-வெனான் 1871இல் எழுதிய சமன்பாடுகளை நிரல் சில நொடிகளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் தீர்த்துக்கொண்டே போகிறது. இந்த முழுக் கணக்கைச் செய்தால்தான் தண்ணீர் பின்னோக்கி ஓடுவதும் தெரியவரும். வடிகாலின் கடைவாயில் ஆறு பெருகி நின்றாலோ கடல் ஏற்றத்தில் இருந்தாலோ மழைநீர் வெளியேறாது, எதிர்த்து உள்ளே வரும். கடைவாயில் கடல் மட்டம் மணிக்கு மணி எப்படி ஏறி இறங்குகிறது என்ற அட்டவணையையே நிரலுக்குக் கொடுத்துவிடலாம். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது உயிர் போன்ற வசதி.

வேலை முடிந்ததும் நிரல் ஒரு வரவு செலவுக் கணக்கு காட்டும். வந்த மழை இவ்வளவு. ஆவியானது, இறங்கியது, தேங்கியது, ஓடியது இவ்வளவு. துண்டு விழுவது இத்தனை சதவீதம். 10 சதவீதத்துக்கு மேல் துண்டு விழுந்தால் அந்த ஓட்டத்தின் முடிவை நம்ப முடியாது. அறிக்கையைக் கையில் வாங்கும் அதிகாரியோ வார்டு உறுப்பினரோ முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான். கணக்கு நேராக இருப்பதனாலேயே முடிவு உண்மையாகிவிடாது. ஆனால் கணக்கே உதைத்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது தண்ணீரைப் பற்றி. அழுக்கின் கணக்கு வேறு மாதிரி. அதில் முதல் கேள்வி, கடைசி மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்பது. மழையற்ற நாட்களில் தெருவில் அழுக்கு படிகிறது. முதல் சில நாட்களில் வேகமாகக் கூடும், பிறகு மட்டுப்படும். வாகனக் காற்றே ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விடுவதால் அது முடிவில்லாமல் ஏறுவதில்லை. இந்தப் படிவை நிரல் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று ஒரு வளைகோடாக வைத்திருக்கும். மழை வந்ததும் இரண்டாவது கணக்கு தொடங்கும்: ஓடும் நீர் எவ்வளவு வேகமோ, தரையில் இன்னும் எவ்வளவு அழுக்கு மிச்சமோ, அதற்கேற்பக் கழுவிப் போகும். முதல் நீர் கருத்தும் பின்வரும் நீர் தெளிந்தும் இருப்பது இந்த இரண்டாலும்தான். குடியிருப்பு, கடைத்தெரு, தொழிற்பேட்டை என நிலத்தின் வகைக்கு ஏற்பவும், வண்டல், துத்தநாகம், பாஸ்பரஸ் எனப் பொருளுக்கு ஏற்பவும் தனித்தனி வளைகோடுகள் கொடுக்கலாம். எத்தனை நாளுக்கு ஒரு முறை தெரு பெருக்கப்படுகிறது, பெருக்கினால் எவ்வளவு போகும் என்பதற்கும் நிரலில் இடம் உண்டு.

பெருக்குவது பற்றிய ஒரு பழைய ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஜேம்ஸ் சார்ட்டர், கெயில் பாய்ட் என்ற இருவர் அமெரிக்க நகரங்கள் பலவற்றின் தெருத்தூசியைச் சேகரித்துச் சலித்துப் பார்த்து 1972இல் அறிக்கை தந்தார்கள். 43 மைக்ரானுக்கும் நுண்ணிய தூசி மொத்த எடையில் சுமார் 6 சதவீதம்தான். ஆனால் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும் பொருளில் கால் பங்கும், கன உலோகங்களில் பாதிக்கு மேலும் அந்த மெல்லிய தூளில் இருந்தன. அக்காலத்துப் பெருக்கும் இயந்திரங்கள் அள்ளியதோ பெரும்பாலும் மணலையும் சருகையும். தெரு கண்ணுக்குச் சுத்தமாகிறது. ஆற்றுக்குப் போகப்போகும் நஞ்சில் பெரும்பகுதி அங்கேயே கிடக்கிறது. அளந்து பார்க்காமல் இதை யாரும் ஊகித்திருக்க முடியாது.

அதனால்தான் ஸ்விம் தரும் தண்ணீர்க் கணக்கையும் அழுக்குக் கணக்கையும் ஒரே நம்பிக்கையோடு வாசிக்கக் கூடாது என்கிறேன். தண்ணீர்க் கணக்கு சரிவு, பரப்பு, குழாயின் விட்டம் போன்ற, போய் அளந்துவிடக்கூடிய பொருள்களில் நிற்கிறது. படிவின் வளைகோடு அந்தந்த ஊரின் வாழ்க்கைமுறையில் நிற்கிறது. வேறு ஊர்த் தெருவின் எண்ணை எடுத்துப் போட்டாலும் நிரல் மறுப்பேதும் சொல்லாது. மூன்று தசம இடங்களோடு விடை தரும். அந்தத் தசமங்கள் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கும் என்று நினைக்கையில் வருத்தமாக இருக்கிறது.

நிரலுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்காத நஞ்சை அது தேடவும் தேடாது. சியாட்டில் பகுதியின் ஓடைகளுக்கு முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழைக்குப் பிறகு முட்டையிடுவதற்கு முன்பே செத்து மிதந்தன. பல ஆண்டுகள் காரணம் பிடிபடவில்லை. உலோகங்கள், பூச்சிமருந்துகள் எனத் தெரிந்த பொருள்களை எல்லாம் சோதித்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று 2020 டிசம்பரில் விடையை வெளியிட்டது. ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் என்ற வேறொன்றாக மாறுகிறது. அது மிகச் சிறிய அளவிலேயே அந்த மீனைக் கொல்கிறது. செத்த மீனிலிருந்தும் சாலை நீரிலிருந்தும் பின்னோக்கித் தேடிப் போனவர்கள் கண்டது அது. இப்போது அந்தப் பெயரை நிரலில் சேர்த்துக்கொள்ளலாம், எந்தச் சாலையின் நீரை மண்வழியே வடிகட்டி அனுப்பினால் மீன் பிழைக்கும் என்று கேட்கலாம்.

இப்படிக் கேட்டு ஒரு நகரம் தன் போக்கையே மாற்றிய கதை ஃபிலடெல்ஃபியாவினுடையது. அதன் சுமார் 60 சதவீதப் பகுதியில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. நிரம்பி வழிவது டெலவேர், ஸ்கூல்கில் ஆறுகளிலும் அவற்றில் சேரும் ஓடைகளிலும். ஊர் குடிப்பதும் அந்த இரண்டு ஆறுகளின் நீரையே. வழக்கமான தீர்வு, நிலத்தடியில் மாபெரும் சுரங்கம் தோண்டி மழைநீரைத் தேக்குவது. நகரின் நீர்த்துறை ஸ்விம்மில் தன் குழாய் வலையை ஏற்றி, பலவகைத் தீர்வுகளை ஓட்டிப் பார்த்தது. 2011இல் அது தேர்ந்த 25 ஆண்டுத் திட்டம் பெரும்பாலும் தரைக்கு மேலே இருந்தது: தெருவோர மரக்குழிகள், மழைத் தோட்டங்கள், நீர் இறங்கும் நடைபாதைகள், பசுங்கூரைகள். நீர் புகாத தரையில் ஓர் ஏக்கரை எடுத்து, அதில் விழும் முதல் அங்குல மழையைக் குழாய்க்குப் போகவிடாமல் பிடித்துக்கொண்டால் அது ஒரு 'பசுமை ஏக்கர்'. ஒவ்வொரு பசுமை ஏக்கரும் ஒரு பெருமழையில் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேலான நீரைத் தாங்குகிறது. நகரம் வைத்துக்கொண்ட இலக்கு கிட்டத்தட்ட 10,000 பசுமை ஏக்கர்.

மரக்குழியால் சாக்கடை வழிவது நிற்குமா என்று அன்று கேட்டவர்கள் இருந்தால் அது நியாயமான கேள்வியே. ஒரு குழியால் நிற்காது. ஆயிரக்கணக்கான குழிகள் எங்கெங்கே இருந்தால் நிரம்பிய குழாய் ஆற்றில் கொட்டும் எந்த வழிவாய் எத்தனை முறை குறைவாகத் திறக்கும் என்பதை, ஒரு குழியும் வெட்டுமுன் காட்டக்கூடியது இந்த வகை நிரல் மட்டுமே.

சென்னைக்கு இதே நிரலைக் கொண்டுவந்தால் முதலில் சில மாற்றங்களைச் செய்தாக வேண்டும். மழையே இல்லாத நாளிலும் நம் மழைநீர் வடிகால்கள் பலவற்றில் தண்ணீர் ஓடுகிறது. வீடுகளும் கடைகளும் கழிவுநீரை அவற்றில் விடுவதால் ஓடுவது அது. காலையில் கூடி மதியம் குறையும் இந்த வறண்ட நாள் ஓட்டத்தை மேன்ஹோல்தோறும் கொடுப்பதற்கு நிரலில் ஏற்பாடு உண்டு. கொடுக்காவிட்டால் கூவம் ஆற்றுக்குப் போகும் அழுக்கின் கணக்கு அடியோடு தவறாகும். குழாயின் அடியில் வண்டல் படிந்திருப்பதைக் காட்டவும் தனி வடிவம் உண்டு. தூர்வாரிய பிறகு ஒரு முறை, வாருவதற்கு முன்பு ஒரு முறை ஓட்டினால் எந்தத் தெருவில் தூர்வாருவதற்குப் பலன் அதிகம் என்று தெரிந்துவிடும். படிவின் வளைகோட்டையும் இங்கேயே அளந்து வரைய வேண்டும்; நம் சாலையோர மண் விளிம்பின் புழுதி அமெரிக்க அட்டவணை எதிலும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதைப் போன்ற வெள்ளத்துக்கு ஸ்விம் மட்டும் போதாது. ஆற்றிலிருந்தும் மேன்ஹோலிலிருந்தும் பொங்கிய நீர் தெருக்களில் எப்படிப் பரவும் என்பதைக் காட்ட, தரைமீது பரவலைக் கணக்கிடும் வேறு நிரலோடு அதை இணைக்க வேண்டும்.

ஒரு வார்டின் ஒரே ஒரு வடிகாலில் தொடங்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் மழைமானி ஒன்று, வடிகாலின் கடைவாயில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்று, மழை தொடங்கியதும் சில நிமிட இடைவெளியில் பாட்டில்களில் நீர் பிடிக்க ஓர் ஆள். முதல் நீர் தப்பிவிடாமல் பிடிப்பதுதான் கடினம்; மழை நடுராத்திரியில் வரும், ஆள் அதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். பாட்டில்களை ஆய்வகத்துக்கு அனுப்பி வண்டல், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, துத்தநாகம், மலக்கிருமி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இப்படிப் பல மழைகளைப் பிடித்து, சிலவற்றைக் கொண்டு நிரலின் எண்களைத் திருத்த வேண்டும். மற்ற மழைகளை அதற்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்து, அவற்றின் மழையளவை மட்டும் கொடுத்து, அது சொல்லும் ஓட்டமும் அழுக்கும் பாட்டில்கள் சொன்னதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும்.