கார் கைமாறியது... ஸ்டிக்கர் மாறவில்லை!

"தம்பி, நம்ம திருமங்கலம்தான்ப்பா. என்னையத் தெரியலையா?"

கப்பலூர் டோல்கேட்டில் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு என் பெரியப்பா வழக்கமாகச் சொல்லும் வசனம் இது. ஒரு கையில் ஆதார் கார்டு, இன்னொரு கையில் ஆர்.சி. புத்தகம். சில நாள் சிரிப்போடு கேட் திறக்கும். சில நாள் பத்து நிமிடம் வாக்குவாதம் நடக்கும். பின்னால் நிற்கிற லாரிக்காரர் ஹாரன் அடித்துத் தீர்ப்பு சொல்வார்.

திருமங்கலத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மதுரைக்குக் கல்யாண ஜவுளி எடுக்கப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நான்கு வழிச்சாலையில் கப்பலூரைத் தாண்டித்தான் போக வேண்டும். நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சுங்கச்சாவடி கூடாது என்பது 2008-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின் பொதுவான வரையறை. விதிவிலக்குகளும் அதே விதிகளில் உண்டு. 'ஊர் வாசலிலேயே டோல்கேட்டா?' என்று இங்கே போராட்டம் நடக்காத ஆண்டு குறைவு. 2024 ஜூலையில் கடையடைப்பு வரை போனது.

இந்தச் சண்டைகளுக்கு நடுவே, சத்தமில்லாமல் ஒரு மாற்றம் வந்தது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல், தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் ஊருக்கு வந்திருந்தபோது, பெரியப்பாவின் காரில் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். போன் நம்பர் அண்ணனுடையது. பணம் எடுக்க பெரியப்பாவின் பென்ஷன் கணக்கு. 'பேலன்ஸ் குறைஞ்சா அதுவே 500 ரூபாய் ஏத்திக்கும்ப்பா' என்று ஆட்டோ ரீசார்ஜும் போட்டுவிட்டுப் போனார். பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது. அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பாஸ்புக்கில் வந்த பேய்

கண் ஆபரேஷனுக்குப் பிறகு பெரியப்பா கார் ஓட்டுவதை நிறுத்தினார். கல்லுப்பட்டிப் பக்கம் ஒருவருக்குக் காரை விற்றார். பணம் வந்தது, சாவி போனது, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

எட்டு மாதம் கழித்து பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்தவர் முகம் வெளிறியிருந்தது. ஆறு இடத்தில் ஐந்நூறு, ஐந்நூறாகப் போயிருந்தது. மொத்தம் 3,000 ரூபாய்.

"நான் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லலையேடா! எவனோ கணக்குக்குள்ள பூந்துட்டான்" என்று என்னைக் கூப்பிட்டார். வீடே கலவரமானது. கணக்கை முடக்கச் சொல்லலாமா, சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கு அடிக்கலாமா என்று ஆளுக்கொரு யோசனை. வங்கியில் போய் விசாரித்தால், "ஐயா, இது ஃபாஸ்டேக் ரீசார்ஜ்" என்றார்கள்.

"எங்கிட்டதான் காரே இல்லையேம்மா. நான் பஸ்ஸுலல்ல போறேன்!"

அண்ணனின் போனைத் திறந்து பார்த்ததும் விடை கிடைத்தது. எட்டு மாத எஸ்.எம்.எஸ். எல்லாம் விளம்பரக் குப்பையோடு கிடந்தன. அண்ணனிடமும் ஒரு கார் உண்டு. 'டோல்'னு முதல் வரியைப் பார்த்ததும் நம்ம வண்டிதான் என்று தள்ளிவிட்டிருக்கிறார். முழுதாகப் படித்திருந்தால் 'கப்பலூர்' என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கும்.

திருடன் யாருமில்லை. காரை வாங்கியவர் மதுரைக்குப் போய் வந்திருக்கிறார். கண்ணாடியில் பழைய ஸ்டிக்கர் இருந்தது, கேட் திறந்தது, போய்விட்டார். அவ்வளவுதான்.

ஸ்டிக்கருக்கு ஆளைத் தெரியாது

ஃபாஸ்டேக் ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. ஒரு சின்ன சிப்பும், மெல்லிய ஆன்டெனாவும்தான். டோல்கேட்டின் மேலே இருக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையே அந்த சிப்புக்கு உயிர் கொடுக்கிறது. சிப் தன் எண்ணைச் சொல்கிறது. அந்த எண் எந்த வண்டிக்கு, எந்த வங்கிக்கு உரியது என்று பார்த்து, இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) அமைப்பு வழியாகப் பணம் போகிறது.

உள்ளே உட்கார்ந்திருப்பது பெரியப்பாவா, கல்லுப்பட்டிக்காரரா என்று அந்தக் கருவி கேட்பதில்லை. முன்பு கவுன்ட்டர் தம்பியிடம் 'நம்ம ஊருப்பா' என்று சொல்ல முடிந்தது. இயந்திரத்திடம் சொல்ல வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே பதிவுசெய்து வைக்க வேண்டும்.

கடன் சொல்வதும் நடக்காது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சுங்கக் கட்டண பாக்கி 276 கோடி ரூபாய் வைத்திருந்த வழக்கில், கப்பலூர் உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் அரசுப் பேருந்துகளை விட வேண்டாம் என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, பிறகு அதைத் தள்ளிவைத்தது. நம் ஸ்டிக்கருக்கு அந்தத் தவணையெல்லாம் இல்லை. செல்லாத டேக்கோடு போனால், 2025 நவம்பர் 15 முதல் வந்த விதிப்படி, ரொக்கம் கொடுப்பவருக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் செலுத்துபவருக்கு ஒன்றேகால் மடங்கு. நூறு ரூபாய் கட்டணம் ரொக்கத்தில் 200, யு.பி.ஐ.யில் 125.

அதேநேரம், நமக்குச் சாதகமான விதியும் ஒன்று உண்டு. உங்கள் டேக் சரியாக இருந்து, போதுமான பணமும் இருந்து, டோல்கேட்டின் கருவிதான் பழுது என்றால், கட்டணம் இல்லாமலே வண்டியை விட வேண்டும். 2018 மே மாதத்திலேயே வந்த விதி இது.

காரை விற்கும் முன் நான்கு வேலை

1. ஃபாஸ்டேக் கொடுத்த வங்கியின் ஆப்பிலோ, உதவி எண்ணிலோ 'டேக்கை மூட வேண்டும்' என்று கோரிக்கை வையுங்கள். மீதிப் பணமும், ஆரம்பத்தில் கட்டிய டெபாசிட்டும் திரும்பி வரும். எந்த வங்கி என்று மறந்துபோனால், என்.பி.சி.ஐ. இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

2. ஆட்டோ ரீசார்ஜைத் தனியாக ரத்து செய்யுங்கள். டேக்கை மூடினால் அதுவும் நின்றுவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

3. சாவியைக் கொடுப்பதற்கு முன் ஸ்டிக்கரை உங்கள் கையாலேயே கிழித்து எடுங்கள். ஒருமுறை உரித்தால் மறுபடி பயன்படாது.

4. ஆர்.சி.யில் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். படிவம் 29, 30 இதற்கானவை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டில் அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரியப்பாவுக்குப் போனது 3,000 ரூபாய். அந்தக் கார் எங்காவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வண்டி வீட்டில் நிற்கும்போதே பணம் போனதாக எஸ்.எம்.எஸ். வந்தால், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, டேக் கொடுத்த வங்கியில் உடனே புகார் செய்யுங்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033-லும் சொல்லலாம். வண்டி எண்ணைக் கையால் தட்டித் தவறாகப் பணம் பிடித்தது உறுதியானால், அந்தச் சுங்கச்சாவடி ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அபராதம் விதிக்கப்படுகிறது.

மாதமா, வருடமா?

டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களின் சொந்த உபயோக வண்டிகளுக்கு மாத பாஸ் உண்டு. 2025-26 நிதியாண்டில் அது 350 ரூபாய். ஏப்ரல்தோறும் மாறும். 2025 ஆகஸ்ட் 15-ல் வருடாந்திர பாஸ் வந்தது. அறிமுக விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும்.

ஒரு கணக்கு போடுவோம். தினமும் மதுரைக்குக் காரில் போய் வருபவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை. நூறு நாளில் 200 முடிந்துவிடும். அவருக்கு மாத பாஸ்தான் லாபம். ஆனால், அது அந்த ஒரு டோல்கேட்டுக்கு மட்டும். மாதத்துக்கு இரண்டு முறை சென்னை, நாகர்கோவில் என்று நீண்ட பயணம் போகிறவருக்கு வருடாந்திர பாஸ் கைகொடுக்கும். அது தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டுமே செல்லும். எந்த வண்டிக்கு எடுத்தோமோ அந்த வண்டிக்கு மட்டுமே உரியது, காரை மாற்றினால் கூடவே வராது.

அந்தக் கைக்கடிகாரச் சிறுவன்

வீட்டில் கலவரம் நடந்தபோது ஃபேமிலி குரூப்பில் அத்தை ஒரு பழைய வீடியோவைத் தட்டிவிட்டார். சிக்னலில் கார் கண்ணாடி துடைக்கும் சிறுவன், கைக்கடிகாரத்தை ஸ்டிக்கர் மேல் காட்டிப் பணத்தை உருவுவதாகச் சொல்லும் வீடியோ. 2022 ஜூனில் நாடெங்கும் சுற்றியது. அது பொய் என்று என்.பி.சி.ஐ. அப்போதே விளக்கிவிட்டது. பதிவுபெற்ற சுங்கச்சாவடி, பார்க்கிங் போன்ற வணிகக் கணக்குகளுக்கு மட்டுமே ஃபாஸ்டேக் பணம் போகும், தனிநபர் கணக்குக்குப் போகாது. உண்மையான ஆபத்து, 'உங்கள் ஃபாஸ்டேக் இன்றோடு முடக்கப்படும்' என்று வரும் லிங்க்கிலும், கூகுளில் தேடி எடுக்கும் போலி கஸ்டமர் கேர் நம்பரிலும் இருக்கிறது. அதில் ஏமாந்தால் 1930.

போன வாரம் கல்லுப்பட்டிக்காரர் ஒரு பை கொய்யாவோடு வீட்டுக்கு வந்தார். "அய்யா, சத்தியமாத் தெரியாதுங்க. வண்டியோட சேர்த்துக் குடுத்ததுன்னு நினைச்சேன்" என்று 3,000 ரூபாயை எண்ணி வைத்தார். பெரியப்பா ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்து, "பெட்ரோலுக்கு வச்சுக்கப்பா" என்றார்.

இப்போது தெருவில் யார் பழைய காரை விற்றாலும் பெரியப்பா விலை விசாரிப்பதில்லை. முதல் கேள்வியே, "ஸ்டிக்கரைக் கிழிச்சியா?" என்பதுதான்.