பனி தங்கும் கூரை

பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாலு நாளாகக் கொட்டித் தீர்த்த பனி ஓய்ந்து அன்றுதான் வெயில் எறித்தது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் பின் அறையில் மகள் பாடம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று, "அம்மா, மழை பெய்யுதோ?" என்று கேட்டாள். வெளியே குளிர் மைனஸ் எட்டில் நின்றது. மழைக்கு வழியே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் தேநீர் ஊற்றியதுபோல ஒரு கறை. அதன் நடுவிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவளுடைய கொப்பியில் விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் கூரைக்கு வயது ஏழு. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவரைப் பிடித்து, பழைய ஷிங்கிளைக் கழற்றிப் புது ஷிங்கிள் போட்டிருந்தோம். ஒரு ஷிங்கிள்கூடக் காற்றில் பறக்கவில்லை. இருந்தும் ஒழுகியது. அந்த ஆண்டே முழுக் கூரையையும் திரும்பக் கழற்ற வேண்டி வந்தது. ஒரே கூரைக்கு இரண்டு தரம் பணம் கட்டிய பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பனி விழும் நாட்டில் கூரை பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. ஆகவே சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் உள்ள அற்றிக்குக்குள் ஏறிப் பார்க்காத ஒருவரிடம் கூரை வேலையைக் கொடுக்கவே கூடாது.

வெயிலில் ஏன் ஒழுகியது?

ஊரில் கூரைக்கு மழையை வழியவிடுவதுதான் வேலை. ஓடு உடைந்தால் அநேகமாக அந்த இடத்துக்குக் கீழேயே ஒழுகும். ஏறி ஓட்டை மாற்றினால் அலுவல் முடிந்தது. அந்த அறிவோடுதான் நம்மில் பலர் கனடாவில் வீடு வாங்கினோம். இங்கே கூரைக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. மாதக்கணக்கில் பனியைச் சுமக்க வேண்டும்; சுமக்கும் பனியை அடியிலிருந்து உருகவிடாமலும் வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நாம் காசு கொடுத்து மூட்டும் சூடு, சீலிங்கில் உள்ள வெடிப்புகள், விளக்குக் குழிகள், அற்றிக் மூடியின் ஓரங்கள் வழியே மேலே ஏறுகிறது. இன்சுலேஷன் மெலிந்திருந்தால் இன்னும் வேகமாக ஏறுகிறது. கூரைப் பலகை சூடாகி, பனியின் அடிப்பக்கம் உருகி, தண்ணீர் ஷிங்கிள் மேல் வழிந்து தாழ்வாரத்துக்கு வருகிறது. தாழ்வாரம் சுவருக்கு வெளியே நீண்டு நிற்பதால் வீட்டுச் சூடு அதை எட்டுவதில்லை. அங்கே தண்ணீர் உறைகிறது. நாளுக்கு நாள் தடித்து ஒரு பனிக்கட்டி அணை உருவாகிறது. அதற்குப் பின்னால் வரும் தண்ணீர் குளம்போலத் தேங்கி, ஷிங்கிளுக்கு அடியால் மேல்நோக்கிப் போய், ஆணித் துளைகளால் உள்ளே இறங்குகிறது.

ஷிங்கிள் என்பது வழிந்தோடும் தண்ணீருக்காகச் செய்த பொருள். தேங்கி நிற்கும் தண்ணீரை அதனால் தடுக்க முடியாது. எவ்வளவு விலை கூடிய ஷிங்கிளுக்கும் இது பொருந்தும். பீலியில் வரிசையாகத் தொங்கும் ஐஸ் ஈட்டிகளைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். பார்க்க அழகுதான். ஆனால் அவை தடித்துத் தடித்து வளர்ந்தால், சூடு கூரை வழியே போய்க்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள்.

மூன்று பேர் வந்தார்கள்

மார்ச் முதற் கிழமையில் மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாமவர் வீட்டுக்கு வரவேயில்லை. செய்மதிப் படத்தில் அளந்து, ஒரு மணித்தியாலத்தில் விலையை அனுப்பிவிட்டார். அளவு சரியாகத்தான் இருந்தது: 17 ஸ்குயர். ஒரு ஸ்குயர் என்பது 100 சதுர அடி. இரண்டாமவர் ஏணி வைத்து ஏறி இறங்கி, "ஷிங்கிள் சரியில்லை அக்கா. நான் நல்ல சாமான் போட்டுத் தாறன்" என்றார்.

மூன்றாமவர் முப்பது வயது மதிக்கத்தக்க தம்பி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அக்கா, அற்றிக்குக்கு வாசல் எங்க?"

"அறை அலுமாரிக்குள்ள. ஏன் தம்பி, பிழை மேலயல்லோ?"

"ஒழுகிறதுதான் மேல. காரணம் உள்ளுக்க."

இருபது நிமிடம் உள்ளே இருந்தார். இன்சுலேஷன் தூசு படிந்த தலையோடு இறங்கி வந்து, கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு நின்ற ஆணி முனை ஒவ்வொன்றிலும் வெள்ளை வெளேரென்று உறைபனி. குளியலறை விசிறியிலிருந்து போன குழாய் வெளியே போகாமல் இன்சுலேஷன் மேலேயே அறுந்து கிடந்தது. நாங்கள் குளித்த ஒவ்வொரு குளிப்பின் ஆவியும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. தாழ்வாரத்தின் அடியில் காற்று நுழையும் துளைகளை இன்சுலேஷன் அடைத்துக்கொண்டிருந்தது. 1960-களில் போட்ட பலகைகளில் ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்தது. அந்த இடத்தில் ஸ்குறூட்றைவரை அழுத்தினாராம், வெண்ணெய்க்குள் போவதுபோலப் போனதாம்.

"இதுக்கு மேல இப்ப புது ஷிங்கிள் போட்டாலும் வாற பனிக்கும் ஒழுகும் அக்கா. முதல்ல உள் வேலையைச் செய்வம்" என்றார். மூவரில் அவருடைய விலைதான் அதிகம். அவரிடமே கொடுத்தோம். ஏழு வருடத்துக்கு முன் வந்தவர் அந்த அலுமாரி மூடியை ஒரு தரம் திறந்திருந்தால், அப்போதே கொஞ்சக் காசில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது.

விலைத்தாளில் எதைப் பார்ப்பது?

மூன்று விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடைசி எண்ணை மட்டும் ஒப்பிடுவது நம் வழக்கம். ஒப்பிட வேண்டியது அதற்கு மேலே எழுதியிருப்பதை.

முதலில், பழைய ஷிங்கிள் முழுவதையும் பலகை தெரியும்வரை கழற்றுவதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழையதற்கு மேலேயே புதியதை அடித்தால் செலவு குறையும். ஆனால் அடியில் பலகை உக்கியிருப்பது யாருக்கும் தெரியாது. கூரை சுமக்கும் பாரமும் கூடும்.

அடுத்தது ஐஸ் ஷீல்ட். இது பலகையில் நேரடியாக ஒட்டும் தார் கலந்த விரிப்பு. ஆணி அடித்தாலும் ஆணியைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். அணை கட்டித் தேங்கும் தண்ணீரைத் தடுப்பது இதுதான். தாழ்வார விளிம்பிலிருந்து கூரைச் சரிவில் குறைந்தது 900 மில்லிமீற்றர் வரையும், சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றர் வரையும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோ கட்டடக் கோவை சொல்கிறது. சுருளின் அகலம் வழக்கமாக மூன்று அடி. தாழ்வாரம் இரண்டு அடி நீண்டிருக்கும் வீட்டில், சுவரின் தடிப்பையும் கூட்டிப் பார்த்தால் ஒரு சுருள் எட்டாது. "எத்தனை வரிசை போடுவீங்கள்?" என்று கேளுங்கள். வீட்டை அளந்து பதில் சொல்கிறவர் வேலை தெரிந்தவர்.

மூன்றாவது காற்றோட்டம். சாதாரண சரிவுள்ள கூரையில், இன்சுலேஷன் போட்ட சீலிங் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றுத் துவாரம் வேண்டும் என்பது கோவையின் கணக்கு. 1,200 சதுர அடி வீட்டுக்கு 4 சதுர அடி. அது முழுவதும் மேலே இருந்தால் பயனில்லை. கீழே தாழ்வாரத்தால் குளிர்ந்த காற்று புக வேண்டும், மேலே முகட்டுப் பக்கத்தால் வெளியேற வேண்டும். கீழ் வழி அடைபட்டிருக்க, மேலே எத்தனை துவாரம் வெட்டினாலும் அது வீட்டுக்குள் இருக்கும் சூட்டைத்தான் இழுக்கும்.

பலகை மாற்ற நேர்ந்தால் ஒரு பிளைவூட்டுக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கூரை திறந்து கிடக்கும்போது, மேற்கே கறுத்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு விலை பேச யாராலும் முடியாது. புகைபோக்கியும் சுவரும் கூரையைத் தொடும் இடங்களில் பழைய தகட்டையே திரும்ப வைப்பார்களா, புதுத் தகடு போடுவார்களா என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

நம்முடைய ஆள்தான், ஆனாலும் கடதாசி

நாம் பெரும்பாலும் ஆளைப் பார்த்துத்தான் வேலை கொடுக்கிறோம். ஒரே ஊர், ஒரே கோயில், யாரோ ஒருவரின் கலியாண வீட்டில் அறிமுகம். அந்த நம்பிக்கை நல்லது. அது முறியாமல் இருப்பதற்குத்தான் கடதாசி.

கூரை வேலைக்கு ஒன்ராறியோவில் கட்டாயத் தொழிற்சான்றிதழ் கிடையாது. ஏணியும் வானும் வைத்திருக்கும் எவரும் தன்னைக் கூரைக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். ரொறன்ரோ நகரில் வீடு திருத்தும் வேலைக்கு நகரசபை உரிமம் வேண்டும். கியூபெக்கில் மாகாண உரிமமே கட்டாயம். உரிம இலக்கத்தைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். பொறுப்புக் காப்புறுதிச் சான்றைக் காப்புறுதி முகவரே உங்களுக்கு நேரடியாக அனுப்பும்படி கேளுங்கள். தொழிலாளர் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் அனுமதிச் சான்றும் கையில் இருக்கட்டும். கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு வேலை தொடங்கு முன்பே பதில் வேண்டும்.

"காசாத் தந்தால் வரி இல்லை" என்ற பேச்சு வரும். 13 வீத எச்.எஸ்.ரி. மிச்சம் என்று மனம் கணக்குப் போடும். பற்றுச்சீட்டு இல்லாத கூரைக்கு உத்தரவாதம் கேட்டு நிற்க நமக்குக் கால் இருக்காது. எங்கள் முதலாவது கூரை அப்படிப் போட்டதுதான்.

சட்டம் நம் பக்கம் தரும் சிலவற்றைப் பலர் அறிவதில்லை. ஒன்ராறியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டால், எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே நீங்கள் அதை ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை இருந்தால், அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. புது வேலைக்குப் புது விலையை நீங்களே ஒப்புக்கொண்டால் ஒழிய. 2022 மே 21 அன்று ஒன்ராறியோவையும் கியூபெக்கையும் புரட்டிய புயல் போன்ற ஒன்றுக்குப் பிறகு, கதவைத் தட்டி "இண்டைக்கே கையெழுத்து வையுங்கோ" என்று அவசரப்படுத்துபவர் முன்னால் இந்தப் பத்து நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கட்டுமானச் சட்டம். கொந்தராத்துக்காரர் ஷிங்கிள் கடைக்கோ துணை வேலைக்காரருக்கோ காசு கொடுக்காமல் விட்டால், அவர்கள் உங்கள் வீட்டின் மேல் உரிமைப் பதிவு செய்யலாம். அதற்காகவே ஒப்பந்தத் தொகையில் 10 வீதத்தை வேலை முடிந்து 60 நாட்கள் வரை வீட்டுக்காரர் பிடித்து வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை முதலாவது சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். முற்பணமும் பத்து வீதத்தை ஒட்டியே இருக்கட்டும்.

குளிருக்கு முந்துங்கள்

ஷிங்கிளின் அடியில் தார்ப் பட்டி ஒன்று இருக்கிறது. வெயில் சூட்டில் இளகி, கீழ் வரிசையோடு ஒட்டிக்கொள்வது அதன் வேலை. ஐந்து பாகைக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் அது ஒட்டாது. ஷிங்கிளும் வளையாமல் முறியும். கட்டாயம் செய்யத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கையால் பசை வைக்க வேண்டும். ஆகவே மே முதல் ஒக்டோபர் வரைதான் நல்ல காலம். ஜனவரியில் ஒழுகினால் தற்காலிகமாக அடைத்து, தரையில் நின்றபடியே நீண்ட கைபிடிக் கூரை வாரியால் ஓரத்துப் பனியை இழுத்துவிட்டு, வசந்தம் வரை பொறுங்கள். கோடரியோடு கூரையில் ஏற வேண்டாம்.

எங்கள் கூரை ஜூன் மாதத்தில் நடந்தது. 17 ஸ்குயருக்கு மூன்று கட்டு வீதம் 51 கட்டு. ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குக் குறையாது. அதைத் தோளில் சுமந்து ஏறிய பிள்ளைகளில் இருவர் நம் ஊர்ப் பிள்ளைகள். எல்லோரும் இடுப்பிலும் தோளிலும் வார் கட்டி, முகட்டில் கயிறு பூட்டியிருந்தார்கள். மூன்று மீற்றருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்பவருக்கு விழுகைப் பாதுகாப்பு வேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சியை 2015 ஏப்ரலில் இருந்து கட்டாயமாக்கினார்கள். வார் கட்டாத குழுவின் விலை குறைவாக இருந்தால், அந்தக் குறைவை யாரோ ஒரு பிள்ளை தன் உயிரைப் பணயம் வைத்துத் தருகிறான். அந்த மலிவு நமக்கு வேண்டாம்.

மாலையில் அவர்கள் காந்தக் கோலால் புல்லைக் கூட்டி ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தத் தம்பி என்னை அலுமாரி மூடிக்குக் கூட்டிப் போய் ரோச் லைற்றை அடித்துக் காட்டினார். விசிறிக் குழாய் கூரையால் வெளியே போயிருந்தது. தாழ்வாரப் பக்கம் காற்று வர வழி திறந்திருந்தது. மூடியின் ஓரத்தில் காற்றுப் புகாத ரப்பர்ப் பட்டி ஒட்டியிருந்தது.

அடுத்த பெப்ரவரியில் பனி விழுந்து வெயில் எறித்த நாளில் தெருவில் இறங்கி நின்று எங்கள் கூரையைப் பார்த்தேன். பனி முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஒரே தடிப்பில், விரித்த பஞ்சு மெத்தைபோல, கலையாமல் கிடந்தது. பீலியில் ஒரு ஈட்டிகூடத் தொங்கவில்லை. நான்கு வீடு தள்ளி ஒரு கூரையில் நடுப்பகுதி கறுப்பாகத் தெரிய, ஓரமெல்லாம் ஐஸ் தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் கூரை, போன கோடையில் போட்டது. போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்த அக்காவிடம் நான் கேட்ட முதற் கேள்வி, "உங்கட அற்றிக்குக்கு வாசல் எங்க இருக்கு?" என்பதுதான்.