வடகோடிக் கடலும் மீன் வெட்டிய நம்மவரும்

நோர்வேக்குப் போன நம்மவர் பலருக்கு முதல் விலாசம் ஒஸ்லோ இல்லை, பின்மார்க். 70 பாகை வடக்கில் இருக்கும் மாவட்டம் அது. கொழும்புப் பக்கம் களுபோவிலயிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் அம்மம்மாமாருக்கு ஒஸ்லோ அத்துபடி. மகன் 1980களில் போய் மீன் வெட்டிய ஊரின் பெயரைக் கேட்டால்தான் யோசிப்பார்கள்.

வடதுருவச் சூழல் மாற்றம் என்றதும் பனிக்கரடிதான் முன்னுக்கு வரும். சமூக ஆய்வாளர் கேட்பது வேறு. கடல் மாறினால் கரையில் இருப்பவருக்கு என்ன ஆகிறது?

பின்மார்க்குக்குச் சோறு போடுவது பரென்ட்ஸ் கடலின் கொட் மீன். அந்த மீனுக்கு இரை, கப்பலின் என்னும் சிறுமீன். 1980களின் நடுவில் கப்பலின் அருகிப்போனது. அளவுக்கு மிஞ்சிப் பிடித்தது ஒரு காரணம். 1983இல் ஏராளமாய்ப் பிறந்த ஹெரிங் மீன்கள் அதன் குஞ்சுகளைத் தின்று தீர்த்தது இன்னொன்று. இரை இல்லாத கொட் தன் குஞ்சையே தின்றது. பட்டினி கிடந்த கடல்நாய்கள் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வந்து வலைகளில் மாட்டிச் செத்தன. 1989இல் கரையோரப் படகுகளின் கொட் பிடிப்பை அரசு இடைநடுவில் நிறுத்தியது. மறு ஆண்டு, படகுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் ஒதுக்கீடு வந்தது.

யாழ்ப்பாணத்து இளைஞர் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஏறத்தாழ அதே காலந்தான். (நோர்வேக்கு முதலில் போன தமிழர் என்று சொல்லப்படும் குருநகர் அன்ரனி இராஜேந்திரமும் மீன்பிடித் தொழில் படித்தவர்தான். 1956இல் மோட்டார் சைக்கிளில் போனவர், பிறகு ஊருக்குச் சீநோர் என்னும் மீன்பிடித் திட்டத்தைக் கொண்டுவந்தார்.) உள்ளூர்ப் பிள்ளைகள் தெற்கே போனதில் மீன் தொழிற்சாலைகளில் இடம் காலியாக இருந்தது. கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசையில் தோலுரித்த மீன் துண்டு வரும். ஒளியில் தெரியும் முள்ளையும் புழுவையும் கத்தி முனையால் எடுத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். நாள் முழுக்க நின்றபடி, ஈரத்தில், குளிரில். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியனே எழும்பாது.

இவர்களுக்குள் போய் இருந்து ஆராய்ந்தவர் ஆன் சிக்ஃப்ரிட் கிரோன்செத் என்ற நோர்வே மானுடவியலாளர். அவருடைய ஆய்வு 2010இல் நூலாக வந்தது. தோள் நோவு, முதுகு நோவு, தலையிடி, களைப்பு என்று தமிழர் வைத்தியரிடம் போனார்கள். பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அந்த நோவைப் பிரிந்துபோன உறவோடும், தன்னை அடையாளம் காணாத ஊரோடும் சேர்த்துப் பார்த்தார் கிரோன்செத். வேலையின் பாரம் மட்டும் என்றால் ஒரு மாத்திரையோடு முடிந்திருக்கும்.

2004இல் ஆர்க்டிக் கவுன்சிலுக்காகத் தயாரான மனித மேம்பாட்டு அறிக்கை, வடதுருவ மக்களின் நலத்தை வருமானத்தாலும் ஆயுளாலும் மட்டும் அளக்க முடியாது என்றது. தன் விதியைத் தானே தீர்மானிப்பது, பண்பாடு அறுபடாதிருப்பது, இயற்கையோடு நெருக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்தது. இனுயிட், சாமி போன்ற வடதுருவப் பழங்குடி மக்களுக்கு அருமையான அளவுகோல். கத்தி பிடித்த தமிழனை அதில் நிறுத்தினால்? விதி முதலாளி கையில். பண்பாடு, வார இறுதியில் வாடகை மண்டபத்தில். இயற்கையோடு நெருக்கம் மேசைக்கு வரும் மீனோடு முடிகிறது. ‘வடக்கின் சமூகம்’ என்று ஆய்வாளர் சொல்லும்போது பரம்பரை உரிமை உள்ளவரே பெரும்பாலும் கண்ணில் படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

1979க்குப் பிறகு வடதுருவப் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருப்பதாக 2022இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சூடு முதலில் கொட்டுக்கு வாய்ப்பாக அமைந்தது. மீன் வடக்கேயும் கிழக்கேயும் பரவியது. நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து குறிக்கும் ஒதுக்கீடு 2013இல் 10 இலட்சம் தொன். 2025இல் 3,40,000 தொன்; 1991க்குப் பின் அதுவரை குறித்ததில் அதுவே ஆகக் குறைவு. ஆனால் மீன் பெருகிய ஆண்டுகளிலேயே தொழிற்சாலைகள் மூடப்பட்டன. மீனைக் கடலிலேயே உறைய வைத்து, வெட்டுவதற்குச் சீனாவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் அனுப்புவது இலாபமாக இருந்தது. மீனின் தொகையை வைத்து மட்டும் கரையின் கதையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழரில் பெரும்பாலானோர் பிள்ளைகளின் படிப்புக்காகவும் உறவுக்காகவும் தெற்கே இறங்கிவிட்டார்கள். 1987இல் 22 வயதில் அந்த மேசையில் நின்றவருக்கு இப்போது 60 வயது கடந்திருக்கும். எந்த ஆண்டு மீன் குறைந்தது, எந்த மாதம் வேலை நின்றது என்று அவரிடம் கேட்கவேண்டிய ஆய்வாளர் இனிப் பின்மார்க்குக்குப் போகத் தேவையில்லை, ஒஸ்லோவில் தேடலாம்.