நிமிர்ந்து நின்ற ஒரு கம்பி உலகையே வளைத்த கதை தெரியுமா?

பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில், மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு கம்பி சுழலத் தொடங்குகிறதே! கோழி இறைச்சியை அடுக்கடுக்காகக் குத்தி, பக்கத்தில் தீ எரிய, ஒருவர் நீண்ட கத்தியால் சீவிச் சீவித் தள்ளுவாரே! அந்த ஷவர்மாவின் மொத்த வித்தையும் கம்பி நிமிர்ந்து நிற்பதில்தான் இருக்கிறது என்பது தெரியுமா?

காலம் காலமாக மனிதன் இறைச்சியைக் கம்பியில் குத்திப் படுக்கவைத்துத்தான் சுட்டான். கொழுப்பு உருகினால் நேரே தணலில் சொட்டும். குபீரென்று தீ எழும், புகை சூழும், பாதி ருசி அடுப்புக்கே போய்விடும். 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசில் யாரோ ஒருவருக்கு அந்தக் கம்பியை நிமிர்த்தி வைக்கத் தோன்றியது. அவ்வளவுதான்! உருகும் கொழுப்பு இப்போது தீயில் விழுவதில்லை. மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்கு வழிந்து, இறைச்சியைத் தன் நெய்யிலேயே குளிப்பாட்டுகிறது. வெந்த மேற்பரப்பை மட்டும் சீவி எடுத்தால் அடுத்த அடுக்கு தீயைப் பார்க்கிறது. கடைசி வாடிக்கையாளருக்கும் அப்போதுதான் வெந்த இறைச்சி கிடைக்கும். எவ்வளவு எளிமையான யோசனை, எவ்வளவு பெரிய மாற்றம்!

அந்த ‘யாரோ ஒருவர்’ யார்? துருக்கியின் பூர்சா நகரத்தார் தயங்காமல் இஸ்கெந்தர் எஃபெந்தி என்பார்கள். அவர் குடும்பத்தார் 1867-ஆம் ஆண்டைக் கணக்காகச் சொல்கிறார்கள். ஆனால் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற புகைப்படக்காரர் 1855-இல் உஸ்மானிய மண்ணில் எடுத்த ஒரு படத்தில் செங்குத்துக் கம்பியும் இறைச்சியும் தெளிவாகத் தெரிகின்றன! ஆக, இஸ்கெந்தருக்கு முன்பே யாரோ கம்பியை நிமிர்த்திவிட்டார்கள். அதனால் அவர் புகழ் குறையவில்லை. ரொட்டித் துண்டுகள்மேல் மெல்லிய இறைச்சிச் சீவல், அதன்மேல் தக்காளிச் சாறு, ஓரத்தில் தயிர், கடைசியில் உருக்கிய வெண்ணெயைச் சுடச்சுட ஊற்றிப் பரிமாறும் ‘இஸ்கெந்தர் கெபாப்’ இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

படுத்திருந்த பழைய கம்பி என்ன ஆயிற்று என்றால், இன்னும் உயிரோடு இருக்கிறது! கிழக்குத் துருக்கியின் எர்சுரும் பகுதியில் ‘ஜா கெபாப்’ என்று ஒன்று உண்டு. ஆட்டிறைச்சியை அடுக்கிக் கிடைமட்டமாகத்தான் விறகுத் தீயில் சுழற்றுகிறார்கள். வெந்த பகுதியைச் சிறு கம்பியில் கோத்து, சீவி, அப்படியே தட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். செங்குத்துக் கம்பியின் தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்றால் எர்சுருமுக்குத்தான் போக வேண்டும்.

அதே துருக்கியின் தென்கரையில் மெர்சின் நகரத்துக்குப் போனால் கம்பியே கிடையாது. அகலமான தட்டைச் சட்டியில், பருத்திக்கொட்டை எண்ணெயில் பொடியாக நறுக்கிய மாட்டிறைச்சியை வதக்கி, வெங்காயமும் பார்ஸ்லி இலையும் புளிப்பான சுமாக் பொடியும் தூவி, மெல்லிய லவாஷ் ரொட்டியில் சுருட்டிக் கொடுக்கிறார்கள். அதன் பெயர் ‘தந்தூனி’. இஸ்தான்புல் தெருக்களிலோ ஆட்டுக்குடலைக் கம்பியில் சுற்றிச் சுற்றிக் கரித்தணலில் வாட்டி, கொத்தி, மிளகாய்த் தூளும் ஓரிகானோவும் தூவி ரொட்டிக்குள் அடைத்துத் தருகிறார்கள். ‘கொக்கொரேச்’ என்ற அந்தப் பண்டத்தைக் குடல் வறுவலில் சொக்கிப்போகும் நம்மவர்கள் ஒரு கடி கடித்தால் விடமாட்டார்கள்!

இனிதான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. இந்தக் கம்பி கப்பலேறிய கதை தெரியுமா?

1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு, தொழிற்சாலை வேலைக்கு ஆள் எடுத்தது. போனவர்கள் பசியையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். பெர்லினில் அவசரமாக வேலைக்கு ஓடும் மக்களைப் பார்த்த காதிர் நூர்மன், 1972-இல் சூ ரயில் நிலையத்துக்கு அருகே, ஷவர்மாவின் துருக்கிய வடிவமான, தட்டில் வைத்துச் சாப்பிடும் டோனரை ரொட்டிக்குள் அடைத்துக் கையில் கொடுத்தார். வேறு சிலரும் இந்தப் பெருமைக்கு உரிமை கோருகிறார்கள். ஆனாலும் ஐரோப்பாவில் உள்ள துருக்கிய டோனர் தயாரிப்பாளர்களின் சங்கம் 2011-இல் நூர்மனைத்தான் கௌரவித்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் காலமானார். முட்டைக்கோசும் வெள்ளரியும் பூண்டுச் சாறும் சேர்ந்து, டோனர் ஜெர்மானியர்களின் அன்றாட உணவாகிவிட்டது. எந்த அளவுக்கு என்றால், டோனரில் கொத்திறைச்சி 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அந்நாட்டு உணவு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன!

2022-இல் துருக்கியத் தரப்பிலிருந்து ஒரு கூட்டமைப்பு, டோனருக்குப் பாரம்பரிய உணவு என்ற பாதுகாப்பு வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் விண்ணப்பித்தது. மாட்டுக்குக் குறைந்தது 16 மாத வயது இருக்க வேண்டும், சீவல் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்புக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை! கன்றிறைச்சியும் வான்கோழியும் புழங்கும் ஜெர்மனி எதிர்த்தது. அந்தச் சர்ச்சைக் காலத்திலேயே, 2024 ஏப்ரலில், ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் துருக்கிக்கு அரசுமுறைப் பயணம் போனபோது விமானத்தில் எதை ஏற்றிக்கொண்டு போனார் தெரியுமா? 60 கிலோ டோனர் இறைச்சி! கூடவே அதைச் சீவ ஒரு பெர்லின் கடைக்காரரையும்! துருக்கியில் பிறந்த உணவைத் துருக்கிக்கே பரிசாகக் கொண்டுபோனதைக் கேட்டு அங்கே பலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அது மிகப் பெரிய மரியாதையாகத்தான் படுகிறது. புலம்பெயர்ந்த தொழிலாளியின் சாப்பாட்டை ஒரு நாடு தன் பெருமையாகத் தூக்கிப் பிடிப்பது அடிக்கடி நடக்கும் காரியமா?

ஏஜியன் கடலைத் தாண்டினால் கிரேக்கம். 1922-க்குப் பின் சிறு ஆசியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்த அகதிகளோடு இந்தச் சமையலும் கரையேறியது. அங்கே ஆட்டிறைச்சி பின்வாங்கிப் பன்றியிறைச்சி முன்னுக்கு வந்தது. தயிரும் வெள்ளரியும் பூண்டும் கலந்த சாட்சிகி, தக்காளி, வெங்காயம் எல்லாம் பீட்டா ரொட்டியில் சேர, உருளைக்கிழங்கு வறுவலையும் உள்ளேயே திணித்து யீரோஸ் என்று நீட்டுவார்கள். சைப்ரஸ் தீவில் இன்னொரு அதிசயம்: கொத்திய இறைச்சியை ஆட்டின் அல்லது பன்றியின் வயிற்றுக்குள் வலைபோல் படரும் கொழுப்புச் சவ்வில் சுற்றிச் சுடுகிறார்கள். சுடச்சுட அந்தச் சவ்வு உருகி இறைச்சிக்குள்ளேயே இறங்கிவிடும். அதன் பெயர் ‘ஷெஃப்தாலியா’.

அமெரிக்காவுக்குப் போன கிரேக்கர்கள் சிகாகோவில் 1970-களில் யீரோஸுக்காக மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அரைத்துக் கூம்பாக அழுத்தி, ஆலைகளில் உற்பத்தி செய்து நாடெங்கும் அனுப்பினார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் அதிகம் பிடித்தது மெக்சிகோவின் கதை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்நாட்டின் பெரும் செல்வந்தர் கார்லோஸ் ஸ்லிமின் தந்தையும் லெபனானிலிருந்து போனவரே! இப்படிக் குடியேறியவர்களில் சிலர் 1930-களில் புவெப்லா நகரில் கம்பியை நிறுத்தினார்கள். ஆடு போய்ப் பன்றி வந்தது. கோதுமை ரொட்டி மட்டும் ஊர் வாசனையோடு அப்படியே இருந்தது. அதுதான் ‘டாக்கோஸ் அராபெஸ்’, அரபு டாக்கோ! அடுத்த தலைமுறை மெக்சிகோ நகரில் இன்னும் துணிந்தது. காய்ந்த மிளகாயும் அச்சியோட்டே என்ற செந்நிற விதையும் அரைத்த மசாலாவில் பன்றியிறைச்சியை ஊறவைத்தார்கள். கோதுமை ரொட்டிக்குப் பதில் உள்ளங்கையளவு சோள ரொட்டி. கம்பியின் உச்சியில் ஓர் அன்னாசிப்பழம்! கடைக்காரர் இடது கையில் ரொட்டியைப் பிடித்தபடி, கத்தியின் ஒரே வீச்சில் மேலிருந்து அன்னாசித் துண்டை அந்தரத்தில் பறக்கவிட்டு, கீழே ரொட்டியில் பிடிப்பார். பார்த்துக்கொண்டே நிற்கலாம்! ‘அல் பாஸ்தோர்’ என்ற அந்த டாக்கோவுக்குள் ஒரு லெபனான் கிராமம் ஒளிந்திருப்பதை, சாப்பிடுபவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்களோ!

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நடந்தது இதற்கும் ஒரு படி மேல். பீட்டர் கமூலாகோஸ் என்ற கிரேக்கர் 1970-களின் தொடக்கத்தில் அங்கே யீரோஸ் விற்றுப் பார்த்தார். ஊர் மக்களுக்கு ஆட்டிறைச்சியும் பிடிக்கவில்லை, சாட்சிகியும் பிடிக்கவில்லை. சோர்ந்துவிடவில்லை அவர். மாட்டிறைச்சிக்கு மாறினார். சுண்டக் காய்ச்சிய பாலில் சர்க்கரையும் வினிகரும் பூண்டுத் தூளும் கலந்து ஓர் இனிப்புச் சாறு செய்தார். இறைச்சிமேல் இனிப்புப் பாலா என்று கேட்காதீர்கள். 2015-இல் அந்த நகர மன்றம், ‘டோனேர்’ என்ற அந்தப் பண்டம்தான் எங்கள் ஊரின் அதிகாரப்பூர்வ உணவு என்று தீர்மானமே போட்டுவிட்டது!

ரொட்டியே வேண்டாம் என்று தூக்கி எறிந்த ஊர்களும் உண்டு. 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நத்தானியல் கோமெஸ் என்ற முடிதிருத்துநர், பக்கத்து ஷவர்மா கடையில் தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒரே தட்டில் போடச் சொன்னார். அடியில் உருளை வறுவல், மேலே ஷவர்மா, அதன்மேல் உருகிய பாலாடைக்கட்டி, பச்சைக் காய்கறி, பூண்டுச் சாறு, இந்தோனேசிய சம்பல் மிளகாய் விழுது. அக்கம்பக்கத்தார் அதையே கேட்கத் தொடங்க, முடிதிருத்தகத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லே அந்த உணவின் பெயராகிவிட்டது. ‘கப்சலோன்’ இன்று நெதர்லாந்து முழுக்கக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இதே சாயலில் ‘ஹலால் ஸ்நாக் பேக்’. 2016 தேர்தல் இரவில், முஸ்லிம் குடியேற்றத்தை எதிர்த்துப் பேசிவந்த பாலின் ஹான்சனை, சாம் தஸ்தியாரி என்ற செனட்டர் தொலைக்காட்சியிலேயே அதைச் சாப்பிட அழைத்தார். அந்த அம்மையார் மறுத்தார். மக்கள் விடவில்லை! மக்வாரி அகராதி அந்த ஆண்டின் சொல்லுக்கு நடத்திய வாக்கெடுப்பில் மக்களின் தேர்வாக வந்தது ‘ஹலால் ஸ்நாக் பேக்’தான்.

லெபனானியர்கள் நிறைய வாழும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஷவர்மா வேர்விட்டுவிட்டது. நைஜீரியாவில் ஷவர்மாவுக்குள் ஒரு சாசேஜ் இல்லை என்றால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். ஹனோய் தெருக்களில் முக்கோண ரொட்டிக்குள் பன்றியிறைச்சியும் ஊறவைத்த கேரட்டும் வைத்து வியட்நாமிய டோனர் விற்கிறார்கள். ஸ்வீடனிலோ டோனர் இறைச்சி பீட்சாவின் மேலேயே ஏறிவிட்டது!

பாக்தாத்தில் ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பது என்ன தெரியுமா? நம் மாங்காய் ஊறுகாய்! இந்தியாவிலிருந்து போன மாங்காயும் மஞ்சளும் வெந்தயமும் சேர்ந்த அந்தக் குழம்புக்கு ‘அம்பா’ என்று பெயர். படகு வடிவ சமூன் ரொட்டிக்குள் இறைச்சியோடு அதை ஊற்றுகிறார்கள். 1950, 1951 ஆண்டுகளில் ஈராக்கை விட்டு இஸ்ரேலுக்குப் போன யூதர்கள் அம்பாவையும் கையோடு எடுத்துப்போனார்கள். ஆட்டுக்கொழுப்பு சேர்த்த வான்கோழி ஷவர்மாவில் இன்று அங்கே மஞ்சள் மஞ்சளாக வழிவது அதுதான்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் வழியாக நம் ஊருக்கு வந்த ஷவர்மாவைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 2022-இல் காசர்கோட்டிலும் 2023-இல் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி வயதுப் பெண் குழந்தைகள் இறந்துபோனதை மறக்க முடியவில்லை. இறைச்சி தடிமனாக அடுக்கப்பட்டு வெளியிலிருந்து மட்டும் சூடு படுவதால், வெளி அடுக்கு வேகும்போது உள் அடுக்கு பச்சையாகவே இருக்கும். தீயை அணைத்து அணைத்து ஏற்றினாலும், வேகாத பகுதிவரை அவசரத்தில் சீவினாலும், மிஞ்சியதை மறுநாள் மாட்டினாலும் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் இன்னொரு வழி. கேரளம் 2023-இல் அதைத் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், லெபனான் கோழி ஷவர்மாவின் சொந்த வெள்ளைச் சாறான ‘தூம்’ செய்ய முட்டையே வேண்டாம்! பூண்டையும் உப்பையும் நன்றாக அரைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, நடுநடுவே எலுமிச்சைச் சாறு விட்டு அடித்துக்கொண்டே இருந்தால், வெண்ணெய்போல் வெள்ளை வெளேரென்று திரண்டு வருகிறது. எண்ணெயை நீரோடு பிணைத்து வைக்கும் வேலையைப் பூண்டே பார்த்துக்கொள்கிறது. காரமும் மணமும் மயோனைஸை விட பல மடங்கு! அடுத்த முறை கடைக்குப் போனால், “அண்ணே, முட்டை போடாத பூண்டு சாஸ் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, தீ எரிகிறதா, சீவுவது பொன்னிறமாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.