ஓடவும் ரயிலில் போகவும் ஒரே இயர்ஃபோன் போதுமா? வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

காலையில் எம்ஆர்டி ரயிலில் ஏறினால் பத்துப் பேரில் எத்தனை பேர் காதில் இயர்ஃபோன் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாலையில் பூங்கா இணைப்புப் பாதையில் மெதுவோட்டம் ஓடுபவர்களிடமும் அதே கதைதான்.

ஆனால் வாங்கப் போனால் தலை சுற்றும். ஷாப்பியிலும் லசாடாவிலும் 15 வெள்ளிக்கும் கிடைக்கிறது, 400 வெள்ளிக்கும் கிடைக்கிறது. எல்லாப் பெட்டியிலும் "சூப்பர் பேஸ்", "ஸ்போர்ட்ஸ்", "வாட்டர்ப்ரூஃப்" என்றே எழுதியிருக்கும். எதை நம்புவது?

கையில் இருக்கும் காசுக்கு நல்லதாக ஒன்றை வாங்க என்னென்ன பார்க்கவேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: எங்கே போடப் போகிறீர்கள்?

விலையைப் பார்க்குமுன் இதற்குப் பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் சாலையோரம் ஓடுவீர்களா, ஜிம்மில் எடை தூக்குவீர்களா, ரயிலில் பாட்டுக் கேட்பீர்களா, நூலகத்தில் படிப்பீர்களா? ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் வகை வேறு.

* காதுக்குள் செருகும் வகை: நுனியில் சிலிக்கான் உறை இருக்கும். காதுத் துளையை மூடிவிடுவதால் வெளிச்சத்தம் குறையும். ரயில், பேருந்து, ஜிம் எல்லாவற்றுக்கும் ஏற்றது.
* காது மடலில் உட்காரும் வகை: உறை கிடையாது. காது அடைத்த மாதிரி இருக்காது. ஆனால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். ஓடும்போது சிலருக்கு நழுவும்.
* கொக்கி வகை: காதைச் சுற்றி வளைந்து பிடித்துக்கொள்ளும். குதித்தாலும் விழாது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் போட்டுப் பார்த்துதான் வாங்கவேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் உராயும்.
* தலையில் மாட்டும் பெரிய ஹெட்ஃபோன்: நெடுநேரம் உட்கார்ந்து கேட்க வசதி. நம் ஊர்ப் புழுக்கத்தில் இதைப் போட்டுக்கொண்டு ஓடினால் பஞ்சு மெத்தை வியர்வையில் ஊறிவிடும்.
* எலும்புவழிக் கடத்தும் வகை: காதுத் துளைக்குள் எதுவும் போகாது. கன்ன எலும்பின் மேல் அமர்ந்து, அதிர்வை உட்செவிக்கு அனுப்பும். காது திறந்தே இருப்பதால் பின்னால் வரும் சைக்கிள் மணி கேட்கும். பேஸ் குறைவாக இருக்கும். ரயில் சத்தத்தில் பாட்டு சரியாகக் கேட்காது.

சுருக்கமாகச் சொன்னால், வெளியே ஓடுபவர்களுக்குக் காது திறந்திருப்பது பாதுகாப்பு. ரயிலிலும் ஜிம்மிலும் கேட்பவர்களுக்குக் காது மூடியிருப்பது வசதி. இரண்டுக்கும் ஒன்றே வேண்டுமென்றால், காதுக்குள் செருகும் வகையில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி உள்ளதா என்று பாருங்கள். அதுவும் இல்லையா? சாலையோரம் ஓடும்போது ஒரு பக்கத்தை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

"சத்தமே சரியில்லை" என்று தோன்றுகிறதா?

குறை பல நேரம் கருவியில் இருக்காது, உறையின் அளவில் இருக்கும். பெட்டியில் பெரும்பாலும் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று உறைகள் வரும். நிறைய பேர் ஏற்கெனவே மாட்டியிருப்பதையே போட்டுக்கொண்டு, மற்றதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

உறை சிறியதாக இருந்தால் இடைவெளி வழியே பேஸ் ஒலி வெளியேறிவிடும். பாட்டு சன்னமாகக் கேட்கும். பெரியதாக இருந்தால் அரை மணி நேரத்தில் காது வலிக்கும். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு.

ஒரு சின்னச் சோதனை: போட்டுக்கொண்டு வாயை அகலமாகத் திறந்து மூடுங்கள். தலையை ஆட்டுங்கள். பத்து முறை குதியுங்கள். அப்போதும் நழுவாமல், பேஸ் குறையாமல் இருந்தால் அதுதான் உங்கள் அளவு.

வியர்வைக்குத் தாங்குமா?

"வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல்லை விடுங்கள். "ஐபி" என்று தொடங்கும் குறியீட்டைத் தேடுங்கள். இது அனைத்துலகத் தரநிலை. முதல் எண் தூசுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. "எக்ஸ்" என்று இருந்தால் அந்தப் பகுதிக்குத் தரமதிப்பீடு தரப்படவில்லை என்று பொருள்.

* ஐபிஎக்ஸ்4: எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். வியர்வைக்கும் தூறலுக்கும் இது போதும்.
* ஐபிஎக்ஸ்5: பாய்ச்சும் நீரைத் தாங்கும். அதிகம் வியர்ப்பவர்களுக்கு நல்லது.
* ஐபிஎக்ஸ்7: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும்.

"அப்படின்னா ஐபிஎக்ஸ்7 வாங்கி நீச்சலுக்குப் போடலாமா?" கூடாது. சோதனை நடப்பது அசையாத, சுத்தமான தண்ணீரில். நீச்சல் குளத்தில் குளோரின் உண்டு. அதோடு புளூடூத் அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். திறன்பேசி கரையில் இருந்தால் தண்ணீருக்குள் பாட்டு நின்றுவிடும். நீச்சலுக்கு, பாட்டைத் தனக்குள்ளேயே சேமித்து வைக்கும் கருவிதான் சரி.

இன்னொன்று: இயர்ஃபோனுக்கு இருக்கும் பாதுகாப்பு அதன் பெட்டிக்கும் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டு மூடினால் மின்னூட்டும் உலோகப் புள்ளிகளில் உப்புப் படிந்து அரிக்கும். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். துடைத்து, காயவைத்துப் பெட்டியில் வையுங்கள்.

ஏஎன்சி, இஎன்சி: ஓரெழுத்தில் ஏமாறாதீர்கள்

விலை குறைந்த இயர்ஃபோன் வாங்குபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

ஏஎன்சி என்பது உங்கள் காதுக்கு. வெளிச்சத்தத்தை ஒலிவாங்கி பிடிக்கும். அதற்கு நேரெதிரான ஒலி அலையை உருவாக்கி அதை அமுக்கும். விமான இரைச்சல், ரயில் ஓடும் ஓசை போன்ற ஒரே சீரான சத்தத்தை நன்றாகக் குறைக்கும். பேச்சுக்குரலை அவ்வளவாகக் குறைக்காது.

இஎன்சி என்பது உங்களோடு தொலைபேசியில் பேசுபவருக்கு. நீங்கள் பேசும்போது பின்னணிச் சத்தம் அவருக்குக் கேட்காமல் வடிகட்டும். உங்கள் காதில் விழும் ரயில் சத்தம் ஒரு துளியும் குறையாது.

பெட்டியில் "சத்தம் குறைக்கும்" என்று பெரிதாகப் போட்டு, ஓரத்தில் இஎன்சி என்று சிறிதாகப் போட்டிருக்கலாம். வாங்குமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

காதுக்கு எவ்வளவு சத்தம் தாங்கும்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபெலுக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபெலுக்குச் சுமார் 20 நிமிடம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கோ வேலைக்கோ போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ரயில் இரைச்சலை மீறிக் கேட்க 90 டெசிபெல் வைத்தால், திங்கட்கிழமை தொடங்கி செவ்வாய்க்கிழமை மாலையே அந்த வாரத்துக்கான அளவு தீர்ந்துவிடும்.

உட்செவியில் முடி போன்ற மெல்லிய அணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புக்கு அனுப்புவது அவைதான். மனிதர்களுக்கு அவை அழிந்தால் மீண்டும் வளராது. காதில் ஓயாத இரைச்சல், கூட்டத்தில் மற்றவர் பேசுவது புரியாமல் போவது போன்றவை ஆரம்ப அறிகுறிகளாக இருக்கலாம். எலும்புவழிக் கருவியும் இதற்கு விலக்கில்லை. அதன் அதிர்வும் அதே உட்செவிக்குத்தான் போகிறது.

அதனால் காதில் நன்றாகப் பொருந்தும் உறையும் ஏஎன்சியும் காதைக் காக்கவும் உதவும். வெளிச்சத்தம் குறைந்தால் ஒலியைக் கூட்டவேண்டிய தேவையும் குறையும். ஐஃபோன் அமைப்புகளில் ஹெட்ஃபோன் பாதுகாப்பு என்ற பகுதியில் உச்ச அளவை நீங்களே வரையறுக்கலாம். ஆண்ட்ராய்டு திறன்பேசிகள் பலவற்றிலும் இதுபோன்ற வசதி உண்டு.

விலைக்கு என்ன கிடைக்கும்?

கடைக்குக் கடை விலை மாறும். தோராயமாகச் சொன்னால்:

* 30 வெள்ளிக்குள்: கம்பி இயர்ஃபோன்தான் பெரும்பாலும் நல்ல தேர்வு. பேட்டரி இல்லாததால் அதே விலையில் ஒலி நன்றாக இருக்கும். சார்ஜ் கவலையும் இல்லை. திறன்பேசியில் துளை இல்லையென்றால் யுஎஸ்பி-சி வகையைப் பாருங்கள்.
* 40 முதல் 80 வெள்ளி: கம்பியில்லா வகையில் ஐபிஎக்ஸ்4 அல்லது 5, கூடவே ஏஎன்சி உள்ளவையும் கிடைக்கும். மாணவர்கள் பலருக்கு இதுவே போதும்.
* 100 வெள்ளிக்கு மேல்: பெயர்பெற்ற எலும்புவழிக் கருவிகள், இன்னும் திறமான ஏஎன்சி.

"30 மணி நேரம் பேட்டரி" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பெட்டியின் சார்ஜையும் சேர்த்த கணக்கு. காதில் இருக்கும்போது எத்தனை மணி நேரம் என்று தனியாகப் பாருங்கள். "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்பதைப் பார்த்தும் மயங்கவேண்டாம். அது மனிதக் காது கேட்கும் எல்லை. ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அதே எண்தான் இருக்கும்.

பழுதானால் யாரிடம் போவது?

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன்' சட்டம் நடப்பில் உள்ளது. வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கவேண்டியது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். கடை மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

ஆனால் மனம் மாறிவிட்டது என்பதற்கோ, நீங்களே கீழே போட்டு உடைத்ததற்கோ இது பொருந்தாது. கரோசலில் தனிநபரிடம் வாங்கினாலும் பொருந்தாது. வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் உரிமை கோருவது கடினம். 10 வெள்ளி மிச்சம் பிடிக்குமுன் விற்பவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.

வாங்கியபின் மறக்காதீங்க

வாரம் ஒருமுறை உறையைக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். காது ஈரமாக இருக்கும்போது நெடுநேரம் அடைத்து வைத்தால் கிருமித்தொற்று வரலாம். நண்பர் கேட்டால் பாட்டின் இணைப்பை அனுப்புங்கள், இயர்ஃபோனைக் கொடுக்கவேண்டாம். காதில் வலியோ இரைச்சலோ நீடித்தால் சில நாள் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.