கண்ணாடி மணிகளில் நிறச்சான்றும் காலக்கணிப்பும்: கடலூர் – சிதம்பரம் பகுதியை முன்வைத்து

முன்னுரை

திருவதிகையைத் தொட்டுச் செல்லும் கெடிலம் கடலூரையொட்டி வங்கக் கடலில் கலக்கிறது. அதன் வடக்கே அரிக்கமேடு, தெற்கே காரைக்காடு, சிதம்பரம் வட்டாரத்தில் மணிக்கொல்லை எனக் கண்ணாடி மணிகளுக்குப் பெயர்பெற்ற தொல்லிடங்கள் அமைந்துள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025ஆம் ஆண்டு அகழாய்வுக்கு அறிவித்த இடங்களுள் மணிக்கொல்லையும் ஒன்று. மேற்பரப்பில் கிடைக்கும் மணிக்கு மண்ணடுக்குச் சான்று இல்லை. எனவே நிறத்தை மட்டும் கொண்டு அதனைச் சங்க காலத்தது எனத் துணிவது ஓர் ஊரின் வரலாற்றையே பிழையாக எழுதச் செய்யும். நிறம் எந்த அளவிற்குக் காலச்சான்றாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிறமும் நிறமூட்டியும்

பீட்டர் பிரான்சிஸ் ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ எனப் பெயரிட்ட சிறுமணிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கருப்பு ஆகியவை மிகுதி. செம்மஞ்சளும் ஊதாவும் அரியவை. ஒளிபுகாச் சிவப்புக்கும் இளநீலத்துக்கும் செம்பே காரணம். உலையில் ஆக்சிசன் குறைந்தால் சிவப்பும், போதிய அளவில் இருந்தால் நீலமும் தோன்றும். ஆகவே சிவப்பு மணி, உலையை ஆண்ட கைவினைஞரின் திறனுக்குச் சான்றாகிறது. ஒளிபுகா மஞ்சள் ஈய-வெள்ளீயச் சேர்மத்தாலும், அடர்நீலம் கோபால்ட்டாலும், ஊதா மாங்கனீசாலும் அமைகின்றன. செம்பு கலந்த சிவப்பு மணி மண்ணில் புதைந்து சிதையும்போது மேற்பரப்பு பச்சையாக மாறுவதுண்டு. எனவே உடைந்த முகத்தின் நிறத்தையே பதிவுசெய்தல் வேண்டும்.

பிற்கால நிறங்கள்

தேவனாம்பட்டினக் கோட்டை 1690இல் ஆங்கிலேயர் வசமானது. ஐரோப்பிய வணிகம் நிலைத்த இக்கடற்கரையில் பிற்கால மணிகளும் பழைய மணிகளோடு கலந்து கிடைக்க வாய்ப்புண்டு. செலினியமும் காட்மியமும் தரும் பளிச்சென்ற சிவப்பு, செம்மஞ்சள் நிறங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்கிற்கு வந்தன. யுரேனியம் சேர்த்த மஞ்சட்பச்சைக் கண்ணாடி 1830களில் பொகீமியாவில் பரவியது. அது புறஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும். ஆயினும் மாங்கனீசு உள்ள கண்ணாடியும் மங்கலாக ஒளிரக்கூடும். இந்தியச் சோடா-அலுமினாக் கண்ணாடியின் ஒரு வகையில் மணலிலிருந்தே யுரேனியச் சுவடு மிகுந்து காணப்படுகிறது. ஆகவே யுரேனியம் இருப்பது மட்டுமே நவீனத்தின் அடையாளம் ஆகாது. அளவும் பிற தனிமங்களும் சேர்த்தே நோக்கப்பட வேண்டும்.

செய்முறைச் சான்று

நிறத்திற்கு முன் செய்முறையை நோக்குதல் நன்று. இழுத்துச் செய்த மணியில் குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். சுற்றிச் செய்த மணியில் அவை துளையைச் சுற்றி வளைந்திருக்கும். அச்சில் அழுத்திய மணியில் அச்சின் இரு பகுதிகள் சேர்ந்த தழும்பு தெரியும். பொகீமிய அச்சுமணிகள் 19ஆம் நூற்றாண்டில் பெருமளவில் ஏற்றுமதியாயின.

முடிவுரை

1945இல் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அரிக்கமேட்டு அகழாய்வுகள் மண்ணடுக்கோடு கூடிய ஒப்பீட்டுச் சான்றுகளைத் தருகின்றன. மேற்பரப்பு மணிகளை ஆராய்வோர் செய்முறை, உடைந்த முகத்தின் நிறம், எக்ஸ் கதிர் ஒளிர்வுப் பகுப்பாய்வு என்னும் வரிசையில் சென்று, பின்னரே காலத்தைக் கூறுதல் தகும். நிறம் ஒரு மணியின் காலத்தைத் தனித்து நிறுவாது. ஆனால் செலினியச் சிவப்பைப் போல, முன்னதான காலத்தை உறுதியாக மறுக்க அதனால் இயலும்.