முதியோர் இல்லச் செலவும் பெற்றோரின் வீட்டு வாடகையும்

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை 10.38 கோடி, மொத்த மக்கள் தொகையில் இது 8.6 சதவீதமாகும். 2021இல் இத்தொகை 13.8 கோடியை எட்டியிருக்கும் என்பது மக்கள் தொகை மதிப்பீட்டுத் தொழில்நுட்பக் குழுவின் கணிப்பு. இவர்களுள் ஓய்வூதியம் பெறுவோர் சிறு பகுதியினரே. கடை வைத்தவர், தனியார் நிறுவனத்தில் பணியாற்றியவர், சிறு தொழில் செய்தவர் ஆகியோரின் வாழ்நாள் சேமிப்பு பெரும்பாலும் ஒரே ஒரு பொருளாகவே எஞ்சி நிற்கிறது. அது அவர்கள் குடியிருக்கும் வீடு.

முதுமையோ நோயோ தனித்து வாழ முடியாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுசெல்லும்போது, பிள்ளைகள் வேறு நகரங்களிலோ அயல்நாட்டிலோ இருந்தால், கட்டணம் பெறும் முதியோர் இல்லத்தைக் குடும்பங்கள் நாடுகின்றன. இல்லத்துக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். வீடோ பூட்டிக் கிடக்கிறது. அதை வாடகைக்கு விட்டு அப்பணத்தைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. எண்ணம் எளிது. வாடகைச் சட்டம், வாரிசுரிமைச் சட்டம், வருமான வரிச் சட்டம், முதியோர் நலச் சட்டம் ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் இது என்பதால் நிறைவேற்றம் அவ்வளவு எளிதன்று.

அரசு இல்லங்கள் யாருக்கு?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று என, 150 பேரேனும் தங்கக்கூடிய முதியோர் இல்லங்களை மாநில அரசுகள் படிப்படியாக அமைக்கலாம் என அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் அவை ஆதரவற்ற வறியோருக்கானவை. 1992 முதல் நடந்துவரும் மத்திய அரசின் ஒருங்கிணைந்த மூத்த குடிமக்கள் திட்டத்தின்கீழ் மானியம் பெறும் இல்லங்களின் நோக்கமும் பெரும்பாலும் அதுவே. சொந்த வீடு உடையவர் இவ்வகையில் அடங்குவது அரிது. வீடு உண்டு, கையில் பணம் இல்லை என்ற நிலையிலுள்ள நடுத்தர வகுப்பு முதியவர் அரசு இல்லத்துக்கு வசதி மிகுந்தவர். தனியார் இல்லத்துக்கோ வசதி குறைந்தவர்.

பிள்ளைகளின் கடமை இங்கு எங்கே நிற்கிறது என்ற கேள்வி எழும். தமது வருவாயாலோ தமக்குச் சொந்தமான சொத்தாலோ தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாதவரே பராமரிப்புக் கோரலாம் என்பது 4ஆம் பிரிவின் வாசகம். எனவே சட்டம் முதலில் முதியவரின் சொத்தையே நோக்குகிறது. வீட்டு வாடகை போதாதபோது எஞ்சிய தொகைக்குப் பிள்ளைகள் பொறுப்பாவர். தீர்ப்பாயம் வழங்கக்கூடிய தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்ற உச்ச வரம்பும் உண்டு. நகரங்களில் படுத்த படுக்கையானவரைப் பேணும் இல்லங்களின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகையே.

வரவும் செலவும்

வீட்டின் மதிப்பைக் கேட்டு மகிழ்வோர் அதன் வாடகையைக் கேட்டு ஏமாற்றமடைவது வழக்கம். நம் நகரங்களில் குடியிருப்பு வீட்டின் ஆண்டு வாடகை அதன் விலை மதிப்பில் பொதுவாக 2 முதல் 4 சதவீதம் மட்டுமே. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 80 லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள வீட்டுக்கு மாத வாடகை 20,000 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டு வரவு 2,40,000 ரூபாய். குடியிருப்பவர் மாறும் இடைவெளியில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 20,000 ரூபாய் குறையும். சொத்து வரிக்கும் குடியிருப்போர் சங்கக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாய், வெள்ளையடித்தல், குழாய், மின்கம்பி ஆகியவற்றின் பழுதுபார்ப்புக்கு 20,000 ரூபாய் எனக் கழித்தால் மிஞ்சுவது 1,70,000 ரூபாய். அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய். இல்லக் கட்டணம் மாதம் 30,000 ரூபாயாயின் பாதிகூட ஈடாகவில்லை.

காலம் செல்லச் செல்ல இடைவெளி விரிகிறது. வாடகை ஆண்டுக்கு 5 சதவீதமும் இல்லக் கட்டணம் 10 சதவீதமும் உயர்வதாகக் கொண்டால், ஐந்தாம் ஆண்டில் வாடகை சுமார் 24,300 ரூபாயாக இருக்கும். கட்டணமோ 43,900 ரூபாயைத் தாண்டிவிடும். மொத்த வாடகைக்கும் கட்டணத்துக்கும் முதலாண்டில் 10,000 ரூபாயாக இருந்த வேறுபாடு ஏறத்தாழ இருமடங்காகிறது. உணவு, ஊதியம், மருந்து ஆகிய மூன்றையும் சார்ந்தது இல்லக் கட்டணம்; முதியவரின் உடல்நிலை தளரும்போது அது மேலும் உயரும். வாடகை மட்டுமே போதும் என்று நம்பி இல்லத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் குடும்பம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

விற்றுவிடுவது மேல் என்று சிலர் வாதிடுவர். வருவாயை மட்டும் நோக்கின் அவ்வாதத்தில் வலு உண்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் முதலீட்டு வரம்பு 2023இல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட 8.2 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 2,46,000 ரூபாய். மேற்கண்ட 80 லட்சம் ரூபாய் வீட்டின் முழு வாடகையைவிட இது கூடுதல். ஆனால் விற்பனை திரும்பப் பெற முடியாத செயல். இல்லம் ஒத்துவராமல் ஆறு மாதத்தில் வீடு திரும்பும் முதியவர்கள் உண்டு. அவர்கள் திரும்பி வர ஓரிடம் இருக்கிறதா என்பது வெறும் வட்டிக் கணக்கன்று.

வாடகை யாருடைய வருமானம்?

வீட்டு வாடகை வீட்டின் உரிமையாளருக்கே வருமானமாகும். மகன் வாங்கி மகனே இல்லத்துக்குச் செலுத்தினாலும் வரிச் சட்டத்தின் பார்வையில் அது தாயின் அல்லது தந்தையின் வருமானமே. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும், அதன் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டமும், உரிமையாளர் செலுத்திய நகராட்சி வரி போக எஞ்சிய தொகையில் 30 சதவீதத்தைப் பொதுக் கழிவாக அளிக்கின்றன. உண்மையில் பழுதுபார்க்கச் செலவிட்டது எவ்வளவு என்று காட்ட வேண்டியதில்லை. முதியோர் இல்லக் கட்டணத்தை வாடகை வருமானத்திலிருந்து கழிக்க மட்டும் வழியில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரித் திட்டத்தில் 12 லட்சம் ரூபாய் வரையுள்ள சாதாரண வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உள்ளமையால், பெரும்பாலான பெற்றோருக்கு வரிச்சுமை எழாது.

இதனால் விளைவது ஒன்று. நிர்வாக வசதிக்காக வீட்டை மகன் பெயருக்கு மாற்றிக்கொள்வது பல குடும்பங்களில் முதலில் தோன்றும் யோசனை. அவ்வாறு மாற்றினால் வாடகை மகனின் வருமானமாகி, அவருடைய உயர்ந்த விகிதத்தில் வரிக்கு உள்ளாகும். மகன் அயல்நாட்டில் வசிப்பவராயின், தொகை எதுவாயினும் குடியிருப்பவர் வரியைப் பிடித்தம் செய்தே வாடகை தர வேண்டும். வரியைவிடப் பெரிய இடர் வேறு. பின்னர் மகன் கட்டணம் செலுத்த மறுத்தால் முதியவரின் கையில் வீடும் இல்லை, வாடகையும் இல்லை. இத்தகைய நிலைக்காகவே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அமைந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தரப்பட்ட சொத்தைப் பெற்றவர் நிபந்தனையை மீறினால், அம்மாற்றத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்கலாம். நிபந்தனை இருந்தமை மெய்ப்பிக்கப்பட வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்பிரிவை முதியோர் நலன் கருதித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என 2025 சனவரியில் அதே நீதிமன்றம் கூறியது. எனினும் ஆவணத்திலேயே நிபந்தனையை எழுதிவிடுவது வழக்காடுவதிலும் எளிது.

பூட்டிய வீடுகளும் வாடகைச் சட்டங்களும்

2017-18ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, 2011 கணக்கெடுப்பை எடுத்துக்காட்டி, நகர்ப்புறங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்ததைச் சுட்டியது. இது நகர்ப்புற வீடுகளில் ஏறத்தாழ 12 சதவீதம். குடிவைத்தவரை எழுப்ப முடியாமற் போகுமோ என்ற அச்சம் இதற்கான காரணங்களுள் ஒன்று. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் விளைவித்த அந்த அச்சம், அச்சட்டங்கள் தளர்ந்த பின்னும் நீங்கவில்லை.

நாடெங்கும் பதினொரு மாத ஒப்பந்தம் வழங்குவதன் காரணத்தை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. பதிவுச் செலவைத் தவிர்க்கக் கண்ட உபாயமே பதினொரு மாதம். மாநிலச் சட்டங்கள் சில இதற்கு மேலும் செல்கின்றன. மகாராஷ்டிராவில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா ஒப்பந்தங்களையும் எழுத்தில் பதிவு செய்யும் பொறுப்பை வீட்டுக்காரர் மீது சுமத்துகிறது. அங்கு உரிமக் காலம் முடிந்ததும் வீட்டை மீட்கத் தனி அதிகாரி முன் விரைந்த நடைமுறை உண்டு. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2021 சூன் 2இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரு மாதங்களுக்கு இருமடங்கும் அதன்பின் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும் என்கிறது. மாதிரிச் சட்டம் தானாக எங்கும் செல்லாது. மாநிலங்கள் இயற்றினால்தான் உண்டு.

வங்கிகளில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் எனப்படும் தலைகீழ் அடமானக் கடனைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2007-08 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, தேசிய வீட்டுவசதி வங்கி வகுத்த நெறிமுறைகளின்படி நடைபெறும் இத்திட்டத்தில், வீட்டை ஈடாகக் கொண்டு முதியவருக்கு வங்கி மாதத் தொகை தரும். அவர் காலத்துக்குப் பின் வீட்டை விற்றுக் கடனைத் தீர்க்கும். முதியோர் இல்லத்துக்குச் செல்பவருக்கு இது ஏற்றதன்று. கடன் பெற்றவர் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும். தொடர்ந்து ஓராண்டு அங்கு வசிக்காவிட்டாலோ வீட்டை வாடகைக்கு விட்டாலோ கடனை முடித்துத் திருப்பிக் கேட்கலாம் என்பது நெறிமுறை. ஆதலால் வாடகை, தலைகீழ் அடமானம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பயன்பெற இயலாது.

வீடு யாருடையது, கையொப்பம் யாருடையது?

பெற்றோரின் வீடு எனக் குடும்பம் சொல்வது பல வேளைகளில் மறைந்த தந்தையின் பெயரிலேயே இருக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் உயிருடன் இருந்தால் அவர் என அனைவருக்கும் பங்கு உண்டு. மூன்று பிள்ளைகள் உள்ள விதவைத் தாய்க்கு, மாமியார் இல்லாதபோது, நான்கில் ஒரு பங்கே வருகிறது. முழு வாடகையும் தாயின் செலவுக்கே என்பதற்கு மற்ற மூவரும் எழுத்தில் இசைய வேண்டும். வாய்மொழி இசைவு, முதல் மனத்தாங்கல் வரும் வரைதான் நிற்கும். பிற சமயத்தாருக்கு அவரவர் சட்டப்படி பங்குகள் மாறும்.

இதனினும் கடினமான சிக்கல் மறதி நோயால் வருவது. அறுபது வயது கடந்தோரில் 7.4 சதவீதத்தினருக்கு இந்நோய் இருக்கலாம் என 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. முதியோர் இல்லத்தை நாடும் காரணங்களுள் இதுவும் ஒன்று. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட, அதன் பொருளை உணரும் மனநிலை வேண்டும். முன்னரே மகளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தந்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிவுறுகிறது. எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ அந்த நாளில் அப்பத்திரம் சட்டப்படி செல்லாததாகிறது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் நீதிமன்றம் சொத்துக்கு மேலாளரை நியமிக்க வழி இருந்தது. அதனை நீக்கி வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் அவ்வழி இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் காப்பாளர் முறை குறிப்பிட்ட சில குறைபாடுகளுக்கு உரியது. முதுமை மறதி அவற்றுள் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 14ஆம் பிரிவு, முதியவருடன் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளருக்கு இடமளிக்கிறது. நினைவிழந்து கிடப்போருக்குக் காப்பாளரை நியமிக்கும் நெறிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்தது. ஆனால் 20,000 ரூபாய் வாடகைக்காக உயர் நீதிமன்றம் செல்லும் குடும்பங்கள் எத்தனை? சட்டத்தின் இந்த வெற்றிடத்தை நிரப்புவது சட்டமன்றத்தின் பணியாகும்.

ஆகவே முதியவர் தெளிந்த அறிவுடன் இருக்கும்போதே செய்யத்தக்கவை சில. வாடகை ஒப்பந்தத்தை அவர் பெயரிலேயே, இயன்றால் நீண்ட காலத்துக்கு, பதிவு செய்யலாம். வாடகை அவருடைய வங்கிக் கணக்கில் வரவாகி, அங்கிருந்தே இல்லத்துக்குச் செல்லுமாறு நிலையான கட்டளை தரலாம். கணக்கை இருவரில் எவரும் இயக்கத்தக்க கூட்டுக் கணக்காக மாற்றிவைக்கலாம். கையொப்பமிட முடியாத நோயாளி, சாட்சிகள் முன்னிலையில் விரல் ரேகை வைத்துப் பணம் பெறவும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன.

வீட்டை விட்டுச் செல்பவரின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதை அதிகாரிகள் கவனிக்க வேண்டியிருக்கிறது. வாடகை வருமானத்துக்காகவே முதியவரை இல்லத்தில் சேர்த்துவிடும் நிகழ்ச்சி, இல்லச் செலவுக்காக வீட்டை வாடகைக்கு விடும் நிகழ்ச்சியைப் போலவே தோற்றமளிக்கும். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். இத்தகைய ஐயம் எழுந்தால், கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் முதியவரோ அவர் சார்பில் வேறொருவரோ தொண்டு நிறுவனமோ முறையிடலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் 2021 முதல் உள்ளது.

முதியவர் காலமானதும் அதிகாரப் பத்திரம் முடிவுறும், குத்தகை முடிவுறாது. குடியிருப்பவர் ஒப்பந்தக் காலம் வரை இருக்க உரிமையுடையவர். அன்று முதல் வாடகை வாரிசுகளுக்கு உரியது. பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பும் அவர்களைச் சேரும். இல்லத்தில் கட்டிய வைப்புத் தொகை எவ்வளவு, அதில் கழிவு போக யாருக்குத் திரும்பும் என்பது இல்லத்தின் ஒப்பந்தத்தில் நியமனதாரர் பெயருடன் எழுதப்பட்டிருக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் அந்த இடம் நிரப்பப்படாமலே இருக்கிறது.